கவர்னர் நாற்காலிக்கு ஆள் பார்ப்பவர் யார்?



2023-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நான் சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில், என் தங்கை வீட்டில் இருந்தேன். பாசிர் என்றால் மணல் என்பது நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். முன்பு கம்பமும் கடற்கரையுமாக இருந்த அந்த இடம் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பேட்டை. அன்று அங்கே அதிபர் தேர்தல். பொது விடுமுறை. மைத்துனர் மின்தூக்கியில் இறங்கிப் போய், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டார். ஓட்டுச் சீட்டில் மூன்று படம், மூன்று சின்னம். அவற்றுள் ஒன்று அன்னாசிப் பழம்.

தங்கையின் மாமியார் ஜொகூர் தோட்டமொன்றில் பல காலம் பால் வெட்டியவர். அவர் என்னைப் பார்த்து, "ஏன் வாத்தியார் தம்பி, மூணு பேருல ஒருத்தர நாம பொறுக்குறோம், சரி. அந்த மூணு பேர யாரு பொறுக்குனா?" என்று கேட்டார்.

பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சரித்திரம் கற்பித்தவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. அந்த அத்தைக்கு அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இன்று உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் தோட்டங்களுக்குப் புதிய துரை வந்தால் அவரை யார் அனுப்பியது? லண்டனில் இருந்த கம்பெனி. நம்மை யாரும் கேட்கவில்லை. கவர்னர் விஷயமும் அப்படியேதான் நடந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் 1826 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தன. 1867 ஏப்ரல் முதல் தேதி அவை லண்டனின் குடியேற்ற நாட்டு இலாகாவின் நேரடி ஆட்சிக்கு மாறின. சிங்கப்பூரில் கவர்னராக சர் ஹாரி ஓர்ட் அமர்ந்தார். பினாங்கில் அவருக்குக் கீழே ஒரு லெப்டினன்ட் கவர்னர். அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் ஆன்சன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். பிறகு வேலை இருக்கிறது. பேராக் பக்கத்து நேயர்களுக்கு அது புதிதல்ல. இன்று தெலுக் இந்தான் என்று நாம் சொல்லும் ஊர், 1982 வரை அவர் பெயரால் தெலுக் ஆன்சன் என்றே வழங்கிற்று.

இவர்களை நியமித்தது லண்டன். வேட்பாளர் இல்லை, ஓட்டு இல்லை. ஆனால் அந்த நாற்காலியின் கை நம் லயம் வரைக்கும் நீண்டது. 1896-க்குப் பிறகு சிங்கப்பூர்க் கவர்னரே கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் ஹை கமிஷனர். தோட்டக்காரர்களிடம் வரி வாங்கி, தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவர 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபோது, அந்த இரண்டு பதவிகளும் சர் ஜான் ஆண்டர்சன் என்ற ஒரே மனிதரிடம் இருந்தன. நம் பாட்டன்மாரின் கப்பல் பயணத்தைத் தீர்மானித்த நிர்வாகத்தின் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில், தோட்டத்தில் இருந்த ஒருவருக்கும் பங்கு கிடையாது.

1959-இல் சிங்கப்பூருக்குச் சுயாட்சி கிடைத்தது. கடைசிக் கவர்னர் சர் வில்லியம் குட் ஆறு மாதம் புதிய பட்டத்தோடு அதே நாற்காலியில் இருந்தார். டிசம்பரில் யூசோப் இஷாக் பதவியேற்றார். உத்துசான் மெலாயு பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர், பேராக்கில் பிறந்தவர். 1965-இல் நாடு தனியானதும் அவரே முதல் அதிபர். அதன்பின் அதிபரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது. ஆளை நிறுத்துவது ஆளுங்கட்சி; கை தூக்குவதும் பெரும்பாலும் அதுவே. மகப்பேற்று மருத்துவர் பெஞ்சமின் ஷியர்ஸ் அப்படி வந்தார்.

1981-இல் வந்தவர்தான் நமக்கு முக்கியமானவர். தேவன் நாயர், மலாக்காவில் பிறந்த மலையாளி. தந்தையார் ரப்பர் தோட்டத்துக் கிராணி. வெள்ளையர் ஆட்சியில் சிறையிலிருந்தவர்; தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசை வளர்த்தவர். தோட்டத்துக் கிராணியின் மகன் கவர்னர்களின் மாளிகையில் குடியேறினார்! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதிபராவதற்காக அவர் விட்டுக்கொடுத்த நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் என்ன தெரியுமா? ஆன்சன். பினாங்கு லெப்டினன்ட் கவர்னரின் பெயரேதான். 1981 அக்டோபர் 31-ஆம் தேதி அங்கே இடைத்தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த வழக்கறிஞர், பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்னம், 653 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ஆளுங்கட்சியே நிறைந்திருந்த மன்றத்தில் ஒற்றை எதிர்க்கட்சி உறுப்பினராக நுழைந்தார். 1986-இல் நீதிமன்றத் தீர்ப்பொன்றால் அந்த இடத்தை இழந்தார்.

1991-இல் சிங்கப்பூர் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. இனி அதிபரை மக்களே நேராகத் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டின் சேமிப்புக்கு இரண்டாவது சாவி அவரிடம் இருக்கும் என்றார்கள். ஆனால் அதோடு ஒரு சல்லடையும் வந்தது. 45 வயது ஆகியிருக்க வேண்டும். கட்சியில் இருக்கக்கூடாது. அமைச்சர், தலைமை நீதிபதி, நாடாளுமன்ற நாயகர் போன்ற பெரும் பதவியை மூன்று ஆண்டாவது வகித்திருக்க வேண்டும். அல்லது பத்துக் கோடி வெள்ளி மூலதனமுள்ள கம்பெனியை நடத்தியிருக்க வேண்டும். எல்லாம் சரியென்று ஒரு குழு தகுதிச் சான்றிதழ் தந்தால்தான் வேட்பாளர்.

1993-இல் முதல் தேர்தல். ஜெயரத்னம் மனுச் செய்தார். சான்றிதழ் கிடைக்கவில்லை. ஓர் அதிபருக்காகக் காலியான இடத்தில் மன்றத்துக்குள் வந்த மனிதர், அதிபர் நாற்காலிக்கே வர முயன்றபோது வாசலோடு நிறுத்தப்பட்டார். முன்னாள் துணைப் பிரதமர் ஓங் டெங் சியோங் 59 விழுக்காடு ஓட்டுப் பெற்று வென்றார். ஆனால் எதிரே நின்ற சுவா கிம் இயாவ் பிரசாரமே அதிகம் செய்யாதவர். பிறர் கேட்டுக்கொண்டதால் நின்றவர். அவருக்கும் 41 விழுக்காடு விழுந்தது. மக்கள் தேர்ந்தெடுக்க ஆசைப்பட்டார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். 1999, 2005 இரண்டு முறையும் எஸ்.ஆர். நாதன் போட்டியின்றியே வந்தார். மைத்துனர் வீட்டிலேயே இருந்தார். 2011-இல் டான் என்ற குடும்பப் பெயருடைய நால்வர் போட்டியிட, டோனி டான் 7,382 ஓட்டில் தப்பிப் பிழைத்தார்.

2016-இல் சல்லடைக் கண் இன்னும் சிறுத்தது. கம்பெனிக்காரர் என்றால் ஐம்பது கோடி வெள்ளி. ஐந்து தவணைகளாக ஓர் இனத்தவர் அதிபராகவில்லையென்றால் அடுத்த தேர்தல் அந்த இனத்துக்கே ஒதுக்கீடு. அந்தத் தவணைகளை யாரிலிருந்து எண்ணுவது என்று வழக்கும் நடந்தது. 2017-இல் மலாய்க்காரருக்கு ஒதுக்கிய தேர்தலில் தொழிலதிபர்கள் இருவருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. நாடாளுமன்ற நாயகராயிருந்த ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார்.

இங்கே நானும் கொஞ்சம் தடுமாறுவதுண்டு. ஹலிமாவின் தந்தை ஓர் இந்திய முஸ்லிம், ஜாகாவாக வேலை பார்த்தவர். மகளுக்கு எட்டு வயதிலேயே இறந்துவிட்டார். தாயார் சோற்றுக்கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். ஆகவே சல்லடை ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தள்ளிவிடும் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அரசாங்கப் படிக்கட்டில் ஏறி வந்தவருக்கு வழி திறந்திருக்கிறது. அந்தப் படிக்கட்டுக்கு வெளியே நின்று எதிர்த்துப் பேசியவருக்கு அது மிகக் குறுகல். இது என் கருத்து. அங்கே பலர் இதை ஒப்புவதில்லை. நாட்டின் சேமிப்பைக் காப்பவரிடம் பெரிய கணக்கு வழக்குப் பார்த்த அனுபவம் வேண்டாமா என்று மைத்துனர் கேட்கிறார். அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

மற்ற நாடுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இந்தியாவில் மாநில ஆளுநரையும் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநரையும் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், ஓட்டுக்கே இடமில்லை. நம் பினாங்கு, மலாக்காவிலும் ஆளுநரை மாமன்னர் நியமிக்கிறார். அமெரிக்காவில் நேர்மாறு. பெரும்பாலும் கட்சிகளின் முதற்கட்டத் தேர்தலில் சாதாரண ஓட்டாளர்களே வேட்பாளரையும் பொறுக்குகிறார்கள். துணை ஆளுநரைச் சில மாநிலங்களில் ஆளுநரோடு ஒரே ஓட்டிலும், சிலவற்றில் தனி ஓட்டிலும் தேர்ந்தெடுக்கிறார்கள். தனி ஓட்டானால் ஆளுநர் ஒரு கட்சி, துணையாள் இன்னொரு கட்சி என்று ஆகிவிடுவதும் உண்டு. ஒரே லயத்தில் பேசாத இரண்டு சம்பந்திகளைக் குடிவைத்த மாதிரிதான்!

மறுபடியும் பாசிர் ரிஸ்ஸுக்கு வருவோம். அன்று இரவு அத்தை தூங்கவில்லை. தொலைக்காட்சிமுன் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். மூவருக்கும் குழு சான்றிதழ் கொடுத்திருந்தது. அன்னாசிப் பழச் சின்னத்தில் நின்ற தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு பெற்றார். இங் கொக் சொங்கும் டான் கின் லியானும் மிகவும் பின்தங்கினார்கள். ஒதுக்கீடு இல்லாத தேர்தலில், எல்லா இனத்தவரின் ஓட்டாலும் ஒரு தமிழர் வென்றார். "பொறுக்குனவங்க யாரா இருந்தா என்ன, கடைசில நம்ம ஓட்டுதானே" என்றார் மைத்துனர். அத்தை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஓட்டு உன்னுது. பட்டியல் யாருது?" என்றார்.

மறுநாள் ஊர் திரும்புமுன் தஞ்சோங் பகார் பக்கம் நடந்தேன். ஆன்சன் தொகுதி 1988 தேர்தலிலேயே மறைந்துவிட்டது. ஆன்சன் சாலை மட்டும், பலகையில் அந்த லெப்டினன்ட் கவர்னரின் பெயரோடு, அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் இருக்கிறது.