சுறாவுக்கும் ஒரு பங்கு

முத்து என்றதும் நமக்கு நகைக்கடை நினைவு வருகிறது. அல்லது பாண்டிய மன்னர்களும் கொற்கையும் நினைவு வருகின்றன. அந்த முத்தை எடுத்து வந்தவனுடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று நாம் கேட்பதில்லை. திருச்செந்தூருக்குச் சிறிது தெற்கே, ஆலந்தலைக் கடற்கரையில் நின்றபோது எனக்கு அந்தக் கேள்விதான் எழுந்தது. பரதவர் வாழும் ஊர் அது. எதிரே இருக்கும் கடல் முத்து விளைந்த கடல். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே கடைசி. அதற்குப் பிறகு சிப்பி வளம் குன்றிவிட்டது.

சலாபம் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் நடக்கும். அப்போதுதான் கடல் அடங்கியிருக்கும். நடுநிசிக்குப் பிறகு தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அந்தக் காற்றில் தோணிகள் பாய் விரித்துப் புறப்படும். விடியும் நேரத்துக்குப் 'பார்' வந்துவிடும். பார் என்பது கடலடியில் சிப்பி படிந்து வளரும் பாறைத் திட்டு.

இரண்டு குளியாட்களுக்கு ஒரு கல். ஒருவன் மூழ்கும்போது மற்றவன் இளைப்பாறுவான். சுமார் முப்பது ராத்தல் கனமுள்ள அந்தக் கல்லின் மேல் காலை ஊன்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவான். ஆழம் ஐந்து பாகமும் இருக்கும்; பத்துப் பாகமும் இருக்கும். (பாகம் என்றால் இரு கைகளையும் விரித்த நீளம், ஆறடி.) அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவான், தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டும் சமயத்தில் கயிற்றை அசைப்பான். எல்லாம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள்!

மூச்சை விடப் பெரிய பயம் சுறா. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடல்களைக் கண்ட மார்க்கோ போலோ ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் சொல்கிறார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்குப் பிராமணர்களை அமர்த்தியிருந்தார்களாம். கிடைத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரவாதிக்கு இருபதில் ஒன்று. மாலையானதும் அவர் கட்டை அவிழ்த்து விடுவார். ஏன் தெரியுமா? இரவில் யாரும் திருட்டுத்தனமாக மூழ்கிவிடக் கூடாதே! பகலில் தொழிலாளிக்குப் பகையாக இருந்த சுறா, இரவில் அரசனுக்குச் சம்பளமில்லாத காவல்காரன். மந்திரம் பலித்ததா என்பது வேறு விஷயம், காவல் பலித்தது.

பின்னால் பரதவர் கிறிஸ்தவர்களானார்கள். 1530-களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி அவர்கள் மதம் மாறியதற்கு இந்த முத்துக் கடலைப் பற்றிய சண்டையும் ஒரு காரணம். பாதுகாப்பு எவ்வளவு கிடைத்தது? 1544 செப்டம்பரில் பிரான்சிஸ் சவேரியார் இதே ஆலந்தலையிலிருந்து எழுதிய கடிதத்தைப் பாருங்கள். தூத்துக்குடி மக்கள் தீவுகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் சாகிறார்கள், தோணிகளோடு உடனே உதவிக்குப் போ என்று தம் தோழரை அவசரப்படுத்துகிறார்.

மதம் மாறியும் சுறா மந்திரம் மாறவில்லை. இலங்கைச் சலாபத்தைப் பற்றி 1859-இல் எழுதிய எமர்சன் டென்னென்ட், சுறா கட்டும் குடும்பத்தின் அன்றைய தலைவர் கத்தோலிக்கர் என்கிறார். ஆங்கில அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது! அவர் இல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள் என்றால் துரைமார் வேறு என்னதான் செய்வார்கள்?

நடுப்பகலில் காற்றுத் திரும்பும். கடற்காற்றில் தோணிகள் கரை சேரும். சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாட்களுக்கு. சர்க்கார் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். சிப்பியை உடனே திறந்து பார்ப்பதில்லை. நாள் கணக்கில் அழுக விட்டு, ஈயும் நாற்றமும் சூழக் கழுவித்தான் முத்தைத் தேட வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்கக் குளியாளுக்கு வசதி ஏது? கொட்டகைக்கு வெளியே வியாபாரிகள் காத்து நிற்பார்கள். தன் சிப்பிகளைத் திறக்காமலே சில்லறையாக விற்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். நடுநிசிக் காற்றுக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும் அல்லவா?