நலமான ஆடும் சர்ரா நோயின் வரலாறும்

பெங்களூர் எலகங்காவிலுள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவலியல், நோய்த் தகவலியல் நிறுவனத்தில் சர்ரா நோயைக் கண்டறிவதற்கென எலைசா சோதனை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதத்தை மறுசேர்க்கை முறையில் ஆய்வகத்தில் செய்தெடுத்து, அதற்கு எதிரான பிறபொருளெதிரி கால்நடையின் குருதிநீரில் உள்ளதா என்று பார்க்கும் முறை அது. ஒட்டுண்ணியைத் தேடாமல் அது விட்டுச்சென்ற தடத்தைத் தேடும் இந்நிலைக்கு வந்துசேர 120 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தாமதத்திற்குக் காரணம் கருவிகளின் குறைபாடு மட்டும் அன்று என்பது என் கருத்து.

1880இல், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில், படைக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ் காய்ச்சலும் இரத்தசோகையும் கண்டு மெலிந்து மடிந்துகொண்டிருந்த குதிரைகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களுக்கிடையே சாட்டைபோல் நெளிந்தோடும் ஓரணு உயிரிகள் தென்பட்டன. ஒட்டகங்களிலும் அவையே இருந்தன. அவ்விரத்தத்தை நலமான விலங்குகளுக்குச் செலுத்தியபோது அவையும் நோயுற்றன. பாலூட்டிகளில் நோய் விளைவிக்கும் டிரிப்பனோசோமா முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இவ்வாறுதான்.

ஆயினும் அவர் கூற்று எளிதில் ஏற்கப்படவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே டிமதி லூயிஸ் கல்கத்தாவில் எலிகளின் இரத்தத்தில் இத்தகைய உயிரிகளைக் கண்டிருந்தார். அந்த எலிகளோ நலமாகவே இருந்தன. நலமான உடலிலும் காணப்படுவது நோய்க்குக் காரணமாக இருக்க முடியாது என்று வாதிடப்பட்டது. 1885இல் பர்மாவில் கோவேறு கழுதைகளில் அதே உயிரியைக் கண்ட ஸ்டீல், அதைச் சுருளுயிரி என்று தவறாக வகைப்படுத்தினார். அந்த மறுப்பாளர்களை இன்று எள்ளி நகையாடுவது எளிது. நான் அதைச் செய்யத் தயங்குகிறேன். ஒட்டுண்ணியைச் சுமந்தும் நோய் வெளித்தெரியாத உடல் உண்டு என்ற உண்மை அவர்கள் கைக்கு எட்டியிருந்தது. எவான்ஸை மறுக்க அதைப் பயன்படுத்தினார்களேயன்றி, அதையே ஒரு கேள்வியாக எழுப்பவில்லை.

பெரிய ஈக்களின் கடியால் இந்நோய் வருகிறது என்று உள்ளூர் மக்கள் நம்பியதை எவான்ஸ் குறித்துவைத்தார். ஈக்கள் நோயைக் கடத்துவதை லெனார்டு ராஜர்ஸ் சோதனையால் காட்டி 1901இல் வெளியிட்டார். (1883இல் பெங்களூரில் தன் வீட்டருகே தண்ணீர்த் தொட்டியில் கொசுக்களைக் கவனித்த ரொனால்டு ராஸ் இங்கே நினைவுக்கு வருகிறார்; அது வேறு கதை.)

இந்த ஆவணங்களில் வரும் விலங்குகளைக் கவனியுங்கள்: குதிரை, ஒட்டகம், கோவேறு கழுதை. எல்லாம் படைக்குத் தேவையானவை. 1925இல் மைசூர் அரசு பெங்களூரில் சீரம் நிலையம் அமைத்ததும் மாடுகளைக் கொன்ற வெக்கை நோயை எதிர்கொள்ளவே. வெள்ளாடு விலை குறைந்த விலங்கு. அதன் இரத்தத்தை யாரும் அவசரமாகப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் எளிதில் அகப்பட்டிராது. வெள்ளாட்டில் சர்ரா பெரும்பாலும் வெளித்தெரிவதில்லை; ஒட்டுண்ணிகள் மிகக் குறைவாகவும் விட்டுவிட்டும் இரத்தத்தில் தோன்றும். காதுச் சிரையிலிருந்து ஒரு துளி எடுத்து, கண்ணாடிச் சில்லில் பரப்பி, லெய்ஷ்மன் சாயமேற்றிப் பார்த்தால் ஒன்றும் தென்படாமல் போகலாம். இரத்தத்தை நுண்குழாயில் மையவிலக்கி, வெள்ளணுப் படலத்தின் விளிம்பில் தேடுவது சற்று மேலான முறை. சுண்டெலிக்குச் செலுத்திக் காத்திருப்பது இன்னும் நுட்பமானது. ஆனால் நாட்கள் பிடிக்கும், எலியும் மடியும். ‘ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்ற ஆய்வகக் குறிப்பை ‘ஒட்டுண்ணி இல்லை’ என்று வாசிக்கும் பழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கிறது. அப்படி விடுபட்ட ஆட்டிலிருந்து ஈயின் வாய்வழியே ஒட்டுண்ணி பக்கத்துக் கொட்டிலின் குதிரைக்குப் போகும்.

எலைசாவை மிகைப்படுத்தவும் கூடாது. மருந்திட்டுக் குணமான பிறகும் பிறபொருளெதிரி சில காலம் தங்கும். நேற்றைய தொற்றையும் இன்றைய தொற்றையும் அது பிரித்துச் சொல்லாது. மந்தை அளவிலான கணக்கெடுப்புக்கு உகந்தது. தனி ஆட்டுக்கு மருந்திடலாமா என்று முடிவெடுக்கப் பாலிமரேஸ் தொடர்வினைச் சோதனையும் வேண்டும்.

2004இல் மகாராட்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் உழவர் ஒருவரின் இரத்தத்தில் இதே ஒட்டுண்ணி காணப்பட்டது. மனிதக் குருதிநீரில் இவ்வொட்டுண்ணியைக் கொல்லும் ஏபிஓஎல்1 என்ற புரதம் செயல்படும் நிலையில் அவருக்கு இல்லை. சுராமின் மருந்தால் அவர் பிழைத்தார். அவருடைய தொற்றை முதலில் காட்டிக்கொடுத்தவை கண்ணாடிச் சில்லும் நுண்ணோக்கியும்தாம்.