திருவொற்றியூர் புல்லட்டும் அதன் இருமலும்

நம் பக்கத்து மனிதர்களுக்கு புல்லட் என்றால் அது சீமை வண்டி இல்லை, திருவொற்றியூர் வண்டி. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளர் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதன் பிறந்த ஊர் இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச். பிறந்த ஊரில் மறைந்துபோன ஒரு வண்டி நம் ஊரில் எப்படிப் பிழைத்தது என்பதற்கு, அதன் எஞ்சின் மக்கர் செய்யும்போது நம் மெக்கானிக்குகள் கோளாறு கண்டுபிடித்த முறையிலும் பாதி பதில் இருக்கிறது.

முதலில் வரலாறு. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேடியது. 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே அதை விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் கைகோத்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. பக்கத்து எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டாக மாறியதும் அதே 1955-ல்தான். திருவொற்றியூர் அப்போது பழைய செங்கல்பட்டு மாவட்டம். பின்னாளில் மாவட்டம் பிரிந்தபோது திருவள்ளூர் பக்கம் வந்து, இப்போது சென்னையோடு சேர்ந்துவிட்டது.

முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. 1977-ல் நம் திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. சீமைச் சரக்கு வந்த வழியிலேயே திரும்பிப் போன கதை இது.

அந்த எஞ்சின் பெரிதாக மாறவே இல்லை. ஒற்றை சிலிண்டர், 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, கனமான ஃபிளைவீல். அந்த 'டப் டப்' சத்தத்துக்குக் காரணம் இதுதான். சீமை வண்டியில் லூகாஸ் மேக்னெட்டோவும் ஏமல் கார்பரேட்டரும் இருந்தன. பின்னாளில் இங்கே பேட்டரி காயிலும் மிக்கார்ப் கார்பரேட்டரும் வந்தன. மற்றபடி தாத்தாவின் வண்டியைப் பிரித்த கை, பேரனின் வண்டியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும். ஒரு வண்டி மாறாமல் இருந்தால் அதைப் பற்றிய அறிவு தலைமுறை தாண்டி சேர்ந்துகொண்டே போகும். நம் பகுதியில் அதுதான் நடந்தது.

அந்த அறிவுக்கு ஓர் உதாரணம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்த்த காலத்தில் செங்குன்றத்திலிருந்து ஜி.என்.டி. ரோட்டில் தினமும் புல்லட்டில்தான் போவேன். செகண்ட் ஹேண்ட் வண்டி. ஒரு மாதமாக, காலையில் ஒரே உதையில் கிளம்பும், காரனோடை பாலம் தாண்டியதும் மிஸ்ஸிங் அடிக்கும். தச்சூர் கூட்டு ரோட்டுக்குள் இருமி இருமி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறப்போட்டால் மறுபடி ஓடும். இரண்டு இடத்தில் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தார்கள். பயனில்லை.

கவரைப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். ஸ்பானரையே எடுக்கவில்லை.

"சார், பச்சை வண்டியிலேயே இருமுதா, சூடானப்புறமா?"

"சூடானப்புறம்தான் பாய்."

"அப்ப பெட்ரோலை விடுங்க. கரண்டைப் பார்ப்போம்."

வண்டியை ஷெட்டின் இருட்டு மூலைக்குத் தள்ளி, பாயிண்ட் மூடியைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டார். பாயிண்ட் நடுவே நீலமாகப் பெரிய பொறி பறந்தது. "பிளக்குல வரவேண்டிய நெருப்பு இங்க வருது பாருங்க. கண்டன்சர் போச்சு." சின்ன விரல் நுனி அளவு சாமான். மாற்றினார். அதற்குப் பிறகு அந்த இருமல் வரவில்லை.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் முக்கியம். கண்டன்சர் கெட்டால் பெரும்பாலும் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். குளிர்ந்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். கார்பரேட்டரில் தூசி அடைத்திருந்தால் சூடு, குளிர் பார்க்காது.

அவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட வரிசை இது. முதலில் கரண்ட். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். அதில் உள்ள ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், இழுவை போகும். அடுத்தது பிளக். காப்பிப்பொடி நிறம் என்றால் சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

அப்புறம்தான் கார்பரேட்டர். ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்கினால், எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அந்த முகம் வளைந்துவிடும். இணைப்பைச் சுற்றி கிரீஸ் தடவி, ஓட்டம் நேரானால் குற்றவாளி அங்கேதான். தூரம் போனபின் திணறினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது.

கடைசியில் டேப்பெட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வால்வு மூடிய நிலையில், தள்ளுகம்பி விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இறுக்கமாக வைத்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும்.

இதில் எதற்கும் கம்ப்யூட்டர் வேண்டாம். காது, கண், ஒரு ஃபீலர் கேஜ் போதும். புல்லட்டைப் பிழைக்க வைத்ததில் ஆலைக்கு இருக்கும் பங்கு, ஜி.என்.டி. ரோட்டோர ஷெட்டுகளுக்கும் உண்டு.

1994-ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை வந்தது. பழைய இரும்பு எஞ்சின் புகை விதிகளால் முன்பே விடைபெற்றிருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் புது புல்லட்டில் கார்பரேட்டரும் போய்விட்டது. இப்போது இருமினால் கருவியை மாட்டிப் பார்க்கிறார்கள். காற்று சுத்தமாக அது தேவைதான், குறை சொல்லவில்லை.

ஆனால் பழைய வண்டிகள் இன்னும் நம் வீட்டு வாசல்களில் நிற்கின்றன. அவற்றின் வைத்தியம் தெரிந்தவர்களுக்கு எழுபது வயதாகிறது. பெரும்பாலோர் எதையும் எழுதி வைத்ததில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனையும் வண்டியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் பாயிண்ட் மூடியைத் திறக்கும்போது பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.