பெரிய பூவை எங்கே வெட்டுவது?

நம்ம கூட்டமைப்புப் பெண்கள் சரஸ் கண்காட்சிக்கு வெளிமாநிலம் போனால், விற்ற பணத்தோடு மட்டும் திரும்பி வருவதில்லை. கடைசி நாள் சாயங்காலம் எல்லாக் கடையிலும் மீதிச் சரக்கு இருக்கும். நாம் ரெண்டு பாக்கெட் தினை முறுக்கும் வத்தலும் கொடுப்போம், பக்கத்துக் கடை அக்கா ஒரு துண்டுத் துணியைத் தருவார். பாஷை தெரியாது, கைக்கணக்குதான். அப்படிச் சேர்ந்ததுதான் நம்ம தையல் கூடத்து டிரங்குப் பெட்டியில் இருக்கிற பாத்திக் துணிகள். உஜ்ஜயினி பக்கத்துப் பைரவ்கட் துணி, கட்ச் பகுதி முந்த்ரா துணி, சாந்திநிகேதன் பக்கத்துத் துணி, ஒரு உறுப்பினரின் அண்ணி மலேசியாவில் இருந்து கொண்டுவந்த ரெண்டு சாரோங். ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும் நிறம், கையகலப் பூ.

நிறைவு மலருக்கு நீங்கள் எழுத வேண்டும் என்றபோது, இந்தப் பெட்டியின் கதையை எழுதலாம் என்று தோன்றியது. காரணம், அதை வைத்து நாங்கள் ஒரு பெரிய தப்புச் செய்தோம். ஒட்டுப் போர்வை தைத்து விற்கலாம் என்று சுழல் நிதியில் இருந்து பஞ்சும் லைனிங்கும் வாங்கினோம். ஒரு புத்தகத்தில் நட்சத்திர வடிவம் ஒன்று அழகாக இருந்தது. ரெண்டரை அங்குல முக்கோணங்களாக அத்தனை துணியையும் வெட்டினோம். நாலு போர்வை முடித்து விரித்துப் பார்த்தால் நட்சத்திரமே தெரியவில்லை. பூவும் தெரியவில்லை. எல்லாம் கலந்து சேறு மாதிரி இருந்தது. தையலில் குறை கிடையாது, வெட்டியதில்தான் குறை. அந்த நாலும் அசல் விலைக்குக்கூடப் போகவில்லை.

அதன் பிறகுதான், இப்படிப் பெரிய உருப் போட்ட துணியை மற்ற ஊர்ப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பாத்திக்கின் தாய்வீடு ஜாவா. இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் தீவு. செம்பில் செய்த சின்னக் கிண்ணம், அதற்கு ஒரு மூக்கு, பிடிக்க ஒரு குச்சி. அதன் பெயர் சாந்திங். சூடான மெழுகை அதில் மொண்டு துணியில் கோலம் இழுப்பது போல இழுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஒரு சாயம் முடிந்ததும் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். கையால் வரைந்த நல்ல பாத்திக் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செம்பு அச்சு வந்தது. அச்சுப் போடும் வேலைக்கு ஆண்கள் வந்தார்கள். வேலை வேகமாயிற்று, துணி மலிவாயிற்று. மிஷின் வந்ததும் வேலை யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி நமக்கும் புதுசு இல்லையே.

நம்ம சோழமண்டலக் கரைக்கும் இதில் பங்கு உண்டு. ஜாவாவின் பாத்திக் பெரிதாக வளருவதற்கு முன்னால், சாயம் தோய்ந்த பூத்துணிகள் நம்ம கடற்கரைத் துறைமுகங்களில் இருந்துதான் கப்பல் கப்பலாக அந்தத் தீவுகளுக்குப் போயின. அந்த வரத்துக் குறைந்தபோது அங்கத்தியப் பெண்களின் மெழுகுத் துணி அந்த இடத்தைப் பிடித்தது. 2009 அக்டோபர் 2 அன்று யுனெஸ்கோ, இந்தோனேசியப் பாத்திக்கை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாளை அங்கே பாத்திக் நாளாகவே கொண்டாடுகிறார்கள்.

ஜாவாவில் தம்பால் என்று ஒரு பாத்திக் வகை இருக்கிறது. தம்பால் என்றால் ஒட்டு. துணியைச் சதுரமும் முக்கோணமுமாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வேறு வேறு உருவை மெழுகில் வரைவார்கள். தூரத்தில் பார்த்தால் பல துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது போல இருக்கும். கிட்டப் போனால் ஒரு தையல்கூட இருக்காது. உடம்பு சரியில்லாதவர்கள் மேல் இதைப் போர்த்தினால் உடம்பும் ஒட்டுப்போட்டது போலச் சேர்ந்து குணமாகும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கையை விடுங்கள், எனக்கு அதில் கிடைத்தது வேறு பாடம். அந்தக் கட்டங்கள் பெரிசு. ஒவ்வொரு உருவும் கட்டத்துக்குள் முழுசாக உட்கார இடம் விட்டிருக்கிறார்கள். நாங்கள் ரெண்டரை அங்குலத்தில் பூவின் கழுத்தை அறுத்துவிட்டோம்.

இந்தத் துணி நம்ம நாட்டுக்குள் வந்த கதையும் பயணத்தோடு சேர்ந்ததுதான். 1927இல் ரவீந்திரநாத் தாகூர் ஜாவாவுக்கும் பாலிக்கும் போய் வந்தார். கூடப் போனவர்களில் ஓவியர்களும் இருந்தார்கள். சாந்திநிகேதனில் பாத்திக் வேரூன்றியதில் அந்தத் தொடர்புக்குப் பங்கு உண்டு. தாகூரின் மருமகள் பிரதிமா தேவி அங்கே கைத்தொழில்களை வளர்த்தவர்களில் முக்கியமானவர். கட்சில் முந்த்ராவின் கத்ரி குடும்பங்கள் வேறு வழி. அவர்கள் மரஅச்சில் மெழுகு ஒற்றுவார்கள். மெழுகு வருவதற்கு முன்னால் ஒருவகை மரவிதை எண்ணெயைப் பயன்படுத்தினார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு கதை இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமம் 1966இல் தொடங்கியது. கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த இளம் கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கியது. ஓவியம் விற்றுப் பிழைப்பது கஷ்டம் என்று அவர்கள் பாத்திக் முதலான கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். மெழுகுத் துணி விற்று இடம் வாங்கியிருக்கிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னபோது நம்ம பொருளாளர் ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

இனி போர்வைக்கு வருகிறேன். அதே 1966இல், பூமியின் மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் ஆரம்பித்தது. அமெரிக்காவில் அலபாமா மாநிலம், வில்காக்ஸ் மாவட்டம். ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழ்கிற இடம். அந்தப் பெண்கள் கிழிந்த வேலைச் சட்டை, ஜீன்ஸ், பழைய பாவாடை எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுப் போர்வை தைப்பார்கள். மரவீட்டில் குளிர் தாங்காது, அதற்குத்தான். 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து பேசினார். ஓட்டுரிமைக்குப் பதிவு செய்யப் போனதற்காகப் பல குடும்பங்களை வீட்டை விட்டும் நிலத்தை விட்டும் துரத்தினார்கள். ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்தை 1962லேயே நிறுத்தியிருந்தார்கள். அது மறுபடி ஓடியது 2006இல்தான்.

ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் போகும்போது ஒரு வீட்டுக் கொடியில் போர்வைகள் காய்வதைப் பார்த்தார். அதை நியூயார்க்கில் விற்கலாம் என்ற யோசனை பிறந்தது. ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற பெயரில் பெண்கள் கூட்டுறவு உருவாயிற்று. எஸ்டெல் விதர்ஸ்பூன் என்பவர் பல வருஷம் மேலாளராக இருந்து நடத்தினார். தையல் கூடம் கட்டினார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் வைத்தார்கள், துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு நிலமும் கொடுத்தார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது, அதை நம்மிடம் மறைக்க வேண்டியதில்லை. பெரிய கடைகளுக்கு எல்லாப் போர்வையும் ஒரே மாதிரி வேண்டும். அளவு மாறக்கூடாது, நிறம் மாறக்கூடாது. இந்தப் பெண்களோ அவரவர் மனசுப்படி தைத்துப் பழகியவர்கள். அந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயரே ‘என் வழி’. கடைக்குத் தைக்கும்போது ‘என் வழி’ வீட்டுக்குள் போய்விட்டது. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஆர்டர் கிடைத்தது. சம்பளம் வந்தது, எல்லாம் ஒரே உறை. ஆனால் அந்த ஆர்டரில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் தங்களுக்காகத் தைத்த போர்வைகள் இருக்கிறதே, அவற்றில் சில பின்னாளில் அருங்காட்சியகம் ஏறின. 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கிலும் கண்காட்சி நடந்தது. 2006இல் அமெரிக்கத் தபால்துறை அந்தப் போர்வைகளைத் தபால்தலையாக வெளியிட்டது. கடைக்காரர் கேட்டதைத் தைத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அவர்களிடம் இருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட வடிவம் ஹவுஸ்டாப், அதாவது வீட்டுக்கூரை. நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றி ஒரு பட்டை, அதைச் சுற்றி இன்னொரு பட்டை. மேலே இருந்து கூரையைப் பார்க்கிற மாதிரி. பாத்திக்குக்கு இது பொருத்தம். பெரிய பூவையோ மயிலையோ வெட்டாமல் முழுசாக நடுவில் வைக்கலாம். சுற்றுப்பட்டைக்குக் கோடு போட்ட துணியும் வெறும் துணியும் போதும். முக்கியமாக வெறும் துணி. ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வையில் ஜீன்ஸின் மங்கிய நீலம் பக்கத்தில் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு அப்படிக் கத்துகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் கூட்டத்தில் ஒன்றும் காதில் விழாது இல்லையா, அது மாதிரி.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு முறை நம்ம பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி சமூகம் வாழ்கிறது. ஆப்பிரிக்காவில் இருந்து நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அடியில் ஒரு பழைய சேலை விரிப்பார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்து ஓட்டுத் தையல் போட்டு, உள்பக்கமாக வந்து நடுவில் முடிப்பார்கள். முதலில் வரைபடம் கிடையாது. கிடைத்த துண்டு கிடைத்த அளவில் உட்காரும். மூலைக்கு மூலை மடித்த துணியில் ஒரு பூ வைப்பார்கள். அது இல்லாத கவந்தி அம்மணம் என்பார்களாம்.

ஆக, நடுவில் இருந்து வெளியே போவது ஒன்று, வெளியே இருந்து நடுவுக்கு வருவது ஒன்று. பெரிய துண்டு இருந்தால் வீட்டுக்கூரை, வெட்டி மிஞ்சியது கவந்தி. எங்கள் கூடத்தில் இப்போது இதுதான் நடைமுறை. அந்த நாலு போர்வையையும்கூடப் பிரித்து முக்கோணங்களைக் கவந்திக்குள் ஒளித்துவிட்டோம்.

தைக்கிற சகோதரிகளுக்கு நடைமுறையில் ரெண்டு மூன்று விஷயம். பாத்திக்கை முதலில் தனியாக அலசாமல் வெட்டாதீர்கள். எங்கள் முந்த்ரா சிவப்பு பக்கத்து வெள்ளையில் இறங்கிவிட்டது. நல்ல பாத்திக்குக்கு நெசவு நெருக்கமாக இருக்கும், கைத்தையலில் ஊசி சுலபமாக இறங்காது. பஞ்சு கனமாக இருந்தால் விரல்தான் போகும். அதனால் சன்னமான பஞ்சு, இல்லையென்றால் மிஷின் தையல். இன்னொரு வசதி உண்டு. சாயம் ரெண்டு பக்கமும் ஏறியிருப்பதால் உள்பக்கம் வெளிப்பக்கம் என்று பெரிய வித்தியாசம் இல்லை. தப்பாக வெட்டிய துண்டைத் திருப்பிப் போட்டால் வேலை நடக்கும். வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் சதுரமாக ஓட்டை போட்டுத் துணிமேல் நகர்த்திப் பாருங்கள். எது உள்ளே விழும் என்று தெரிந்துவிடும்.

துணியின் உருவுக்கு யார் பெயர் வைக்கிறார்கள் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாலந்துக்காரர்கள் ஜாவா பாத்திக்கை மிஷினில் காப்பியடித்து விற்கப் பார்த்தார்கள். அதில் பேர்போன விலிஸ்கோ கம்பெனி 1846இல் ஹெல்மண்ட் நகரில் தொடங்கியது. ஜாவாவில் அந்த மிஷின் துணி எடுபடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் எடுபட்டது. அங்கே டோகோ நாட்டின் லோமே சந்தையில் மொத்த வியாபாரம் செய்த பெண்கள் எந்த உரு விற்கும், எந்த நிறம் ஓடும் என்று தீர்மானிக்கிற இடத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு உருவுக்கும் சந்தையிலேயே ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண்கள் சம்பாதித்து மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கியதால் ஊரே அவர்களை நானா பென்ஸ் என்று கூப்பிட்டது. நம்ம போர்வைகளுக்கு இதுவரை ரசீதில் ‘போர்வை பெரிசு’, ‘போர்வை சின்னது’ என்றுதான் எழுதுகிறோம்.

பெட்டியில் இன்னும் ஒரு துணி மிச்சம் இருக்கிறது. கொல்கத்தா கண்காட்சியில் ரெண்டு கிலோ வரகுக்கு மாற்றி வாங்கியது, ஒன்றரை மீட்டர், கருநீலத்தில் ஒரே ஒரு மயில். நடுவில் வைத்துக் கூரை கட்டலாம் என்று செயலாளர் சொல்கிறார். வெட்டவே வேண்டாம், அப்படியே சுவரில் மாட்டலாம் என்று ஊக்குநர் சொல்கிறார். போன மாசக் கூட்டத்திலும் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.