பட்டனுக்குள்ள ஒரு ஆள்: சி. ஆர். ராவும் மனசோட கணக்கும்

தாம்பரத்துல இருந்து பீச் போற லோக்கல்ல இதைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். எதிர் சீட்டுல ஒரு சைக்காலஜி மாணவி. மடியில ஒரு கட்டு கேள்வித்தாள், லேப்டாப்ல ஒரு சாஃப்ட்வேர். ஒரு பட்டனை அழுத்தினா ரிசல்ட் வந்துடும். அந்தப் பட்டனுக்குள்ள என்ன இருக்கு?

1920-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஹடகலியில் பிறந்தவர் சி. ஆர். ராவ். ஆந்திரப் பல்கலைக்கழகத்துல கணக்கு படிச்சார். வேலை தேடி கல்கத்தா போனார், கிடைக்கல. ஆனா அங்க பழக்கமான ஒருத்தர் மூலமா, மஹலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தெரிய வந்தது. 1941 ஜனவரியில் அங்கேயே சேர்ந்தார்.

மஹலனோபிஸ் 1936-லேயே ஒரு அளவுகோல் தந்திருந்தார். ஒரு உதாரணம் பார்ப்போம். ராத்திரி தூக்கம் இல்லைன்னா பகல்ல சோர்வு. ரெண்டுக்கும் மார்க் போட்டு அப்படியே கூட்டினா, ஒரே பிரச்சனையை ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆயிடும். இப்படி அளவுகளுக்குள் இருக்கும் தொடர்பையும் கணக்கில் எடுத்து, இரண்டு குழுக்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்வதுதான் ‘மஹலனோபிஸ் தூரம்’.

1946-ல் ராவ் கேம்பிரிட்ஜ் போனது பழங்கால எலும்புக்கூடுகளோட அளவுகளை ஆராய. அதே வகைக் கணக்கு 1949-ல் மனசுக்கு வந்தது. பேட்ரிக் ஸ்லேட்டருடன் அவர் எழுதிய கட்டுரையில் 256 பேர். ஐந்து வகை மனநலச் சிக்கல் கொண்ட குழுக்கள், ஒரு இயல்பான குழு. ஆளுக்கு மூணு மார்க். முதல் மார்க்கின் சராசரி, இயல்பான குழுவுக்கு 0.6. பதற்றக் குழுவுக்கு 2.93; ஹிஸ்டீரியா குழுவுக்கு 3.03.

கவனிச்சீங்களா? நலமா இருக்கிறவங்ககிட்ட இருந்து ரெண்டு குழுவும் தெளிவா விலகி நிக்குது. ஆனா ஒண்ணுக்கொண்ணு ஒட்டி நிக்குது. டாக்டர் வெச்ச பெயர் ரெண்டு. இந்த எண்ணுக்குப் பெரிசா வித்தியாசம் தெரியல. இன்னொண்ணு: பதற்றக் குழுவில் 114 பேர், ‘ஆளுமை மாற்றம்’ என்ற குழுவில் வெறும் 5 பேர். அஞ்சு பேரை வெச்சு எவ்வளவு உறுதியா பேச முடியும்?

ராவ் 2023-ல், 102 வயதில் மறைந்தார். அவர் வளர்த்த கணக்கு இன்னைக்கு எல்லா லேப்டாப்லயும் இருக்கு. அதனால, அந்த மாணவி பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்டா போதும். என் கேள்விகள்ல எத்தனை ஒரே விஷயத்தைத் திரும்பக் கேக்குது? என் சின்ன குழுவில் எத்தனை பேர்? ஏன்னா, வர்ற ரிசல்ட் யாரோ ஒருத்தர் மேல ஒட்டப்போற பெயர்.