உனக்கெதுக்கு, உள்ளே போ!

பூந்தமல்லியில் பஸ் ஏறி காஞ்சிபுரம் போகிறீர்கள். பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளை. ஸ்ரீபெரும்புதூர் வந்ததும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கேட்கும். 'அது என்னப்பா, தூண் தூணா நிக்குது?'

ராஜிவ் காந்தி நினைவிடம் என்பீர்கள். அதோடு முடியாது. 'அவரு எப்படிச் செத்தாரு?'

மாட்டினீர்களா?

என் அப்பாவும் மாட்டினார். 1991 மே 21. எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு பூந்தமல்லியில். தேர்தல் பிரசாரத்துக்காக விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கம் வந்து இறங்கிய ராஜிவ், எங்கள் ஊர் வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். ரோட்டோரம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் போனது. கையாட்டினேன்.

மறுநாள் காலை கடை திறக்கவில்லை. பஸ் ஓடவில்லை. 'என்னப்பா ஆச்சு?' என்றேன். 'உனக்கெதுக்கு, உள்ளே போ' என்றார்.

போனேன். ஆனால் பேப்பரும் உள்ளே வந்துவிட்டதே! ஒரு குழந்தை பார்க்கக் கூடாத படங்களையெல்லாம் பார்த்தேன். பெரியவர்கள் திண்ணையில் பேசியதை ஒட்டுக் கேட்டேன். மாலை, பெல்ட், குண்டு. அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குக் கல்யாண வீட்டில் யாராவது மாலையோடு வந்தாலே அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

நாம் சொல்லாவிட்டால் குழந்தைக்குத் தெரியாது என்பது பெரியவர்களின் மூடநம்பிக்கை. அதற்குத் தெரிந்துவிடும். கோணல்மாணலாக, பயத்தோடு தெரியும்.

சரி, என்னதான் சொல்வது? 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தம், அங்கே போன அமைதிப்படை, புலிகளோடு மூண்ட சண்டை, 1990ல் படை திரும்பியது, ராஜிவ் மறுபடியும் பிரதமராகிவிடுவாரோ என்கிற கணக்கு. இதெல்லாம் உங்களுக்கு. பிள்ளைக்கு நாலு வரி போதும். 'பக்கத்து நாட்டுல சண்டை. இவரு நம்ம படையை அனுப்பினாரு. அங்கே நிறைய பேர் செத்தாங்க. கோபத்துல சிலபேர் இவரைக் கொன்னுட்டாங்க. கோபம் வரலாம். கொல்லக்கூடாது.'

பொய் கிடையாது. படமும் வேண்டாம்.

என் மகளுக்கு இப்படித்தான் சொன்னேன். விடுவாளா? 'அவரு மட்டுமாப்பா செத்தாரு?'

இல்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் செத்தார்கள். ராஜிவுக்குக் கவிதை சொல்ல வந்த ஒரு சிறுமி, அம்மாவோடு செத்துப்போனாள். இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. மறைக்கவில்லை. அப்பாவுக்கும் அழுகை வரும் என்று தெரிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

'தப்பு செஞ்சவங்களைப் பிடிச்சாங்களா?'

பிடித்தார்கள். வழக்கு நடந்ததே எங்கள் பூந்தமல்லி தடா கோர்ட்டில்தான். 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு. 1999ல் சுப்ரீம் கோர்ட் அதை நாலு பேருக்கு மட்டும் உறுதி செய்தது. மூன்று பேருக்கு ஆயுள். மற்ற 19 பேர் வெளியே வந்தார்கள். தூக்கு உறுதியான நாலு பேரில் நளினிக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்காக, நளினியைத் தூக்கில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் சோனியா. ஆம், ராஜிவின் மனைவி! 2000ல் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மற்ற மூவருக்கும் 2014ல் குறைந்தது. அந்த ஏழு பேரும் 2022ல் விடுதலையானார்கள். சரியா, தப்பா? பெரியவர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறோம். பிள்ளையிடம் அதையும் சொல்லலாம். எல்லாக் கேள்விக்கும் பெரியவர்களிடம் ஒரே பதில் இருக்காது என்று அதுவும் தெரிந்துகொள்ளட்டுமே.

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள். 'நீ கையாட்டினப்போ அவரு திருப்பிக் கையாட்டினாரா?'

இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி.

'ஆட்டினாரும்மா' என்றேன். 'சிரிச்சாரு.'