பெட்டியில் போட்ட வேகமும் நாம் காத்திருக்கும் நேரமும்

போன மாதம் அக்கா பையன் போன் பண்ணினான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வீட்டில் இருக்கும் பழைய கணினி ஆன் ஆகி, வேலைக்குத் தயாராக நாலு நிமிஷம் ஆகிறதாம். "மாமா, கடையில புதுசா ஒண்ணு அசெம்பிள் பண்ணித் தரேங்கறாங்க. அதுல போடற எஸ்எஸ்டி நொடிக்கு 14,000 எம்பி படிக்குமாம். அப்பா தவணையில வாங்கலாம்னு சொல்றார். வாங்கிடலாமா?"

"இரு, ரெண்டு நாள் டைம் குடு" என்றேன். அக்கா வீட்டில் ஏற்கெனவே இரண்டு தவணை ஓடுகிறது. மூன்றாவது தேவையா என்று சொல்வதற்கு முன் எனக்கே தெளிவு வேண்டியிருந்தது. அப்போது படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

கதை 1956-ல் தொடங்குகிறது. அந்த வருடம் செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் ரமாக் என்ற கணினியை அறிவித்தது. அதில்தான் முதல் ஹார்ட் டிஸ்க் வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், அவ்வளவுதான். கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்குக் கை நகர்ந்து போகச் சராசரியாக 600 மில்லிநொடி, அதாவது அரை நொடிக்குக் கொஞ்சம் மேல்.

அடுத்த ஐம்பது வருடத்தில் கொள்ளளவு எங்கோ போய்விட்டது. 2007-ல் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் கடைக்கு வந்தது. ரமாக்கைப் போல சுமார் இரண்டு லட்சம் மடங்கு. ஆனால் காத்திருப்பு? நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. தேடும் இடம் கைக்கு அடியில் வரச் சராசரியாகப் பாதிச் சுற்று. கை நகர்வதற்கு இன்னொரு 8 மில்லிநொடி. மொத்தம் 12. ஐம்பது வருடத்தில் ஐம்பது மடங்குதான் முன்னேற்றம். இரும்புக் கையை எவ்வளவு வேகமாகத்தான் ஆட்ட முடியும்?

கணினி ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டும். அவை தட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் கை ஓட வேண்டும். அந்த நாலு நிமிஷத்தில் பெரும்பகுதி படிக்கும் நேரமில்லை, தேடும் நேரம்.

மாற்று வழி ஜப்பானில் பிறந்தது. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-ல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987-ல் நேண்ட் என்ற வகையையும் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தகவலை ஒரே வீச்சில் அழிப்பது கேமரா ஃபிளாஷ் அடிப்பதுபோல் இருக்கிறதே என்று உடன் வேலை பார்த்த ஒருவர் சொன்னதால் அந்தப் பெயர். இதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. 2008-ல் இன்டெல் வெளியிட்ட எக்ஸ்25-எம் இதில் ஒரு மைல்கல். 80 ஜிபிக்கு மொத்த விலையே 595 டாலர்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அதன் பெட்டியில் போட்ட படிக்கும் வேகம் நொடிக்கு 250 எம்பி. அன்றைய நல்ல ஹார்ட் டிஸ்க் 100 எம்பி கொடுத்தது. பார்த்தால் வெறும் இரண்டரை மடங்கு. ஆனால் காத்திருப்பு நூறு மடங்குக்கு மேல் குறைந்தது. பெட்டி உண்மையைவிடக் குறைவாகச் சொன்ன காலம் அது.

ஒரு மைக்ரோநொடியை ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரமாக்கிடம் கேட்டால் பதில் வர ஒரு வாரம். 2007 ஹார்ட் டிஸ்க்குக்கு மூன்று மணி இருபது நிமிடம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. இன்றைய என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். மூன்று மணி நேரம் இரண்டு நிமிடமானது பெரிய விஷயம். இரண்டு நிமிடம் ஒன்றானது?

சாட்டா எஸ்எஸ்டியின் உச்ச வேகம் சுமார் 550 எம்பி. 14,000 அதைப்போல 25 மடங்கு. ஆனால் அது பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைப்பது. சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தால் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 1 எம்பிகூடத் தராது. சாட்டா 30 முதல் 40. என்விஎம்இ 60 முதல் 90. ஆக, 25 மடங்கு சுருங்கி இரண்டு மடங்காகிவிடுகிறது. எட்டு வழிச்சாலை போட்டாலும் தெருமுனைக் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவனுக்கு என்ன லாபம்?

அந்தக் காத்திருப்பையே குறைக்க ஒரு முயற்சி நடந்தது. இன்டெலும் மைக்ரானும் 2015-ல் அறிவித்து, 2017-ல் இன்டெல் ஆப்டேன் என்று விற்ற நினைவகம். நம் கணக்கில் பத்து நொடியில் பதில் சொல்லும். ஆனால் விலை அதிகம். சாதாரண வேலைகளில் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. தேடும் நேரம் ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் மிச்சமிருப்பது பிராசஸர் வேலை செய்யும் நேரம்தான். 2022-ல் இன்டெல் அதை மூடிவிட்டது.

அதிவேக எஸ்எஸ்டி யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய வீடியோக்களை எடிட் செய்பவர்கள், நூற்றுக்கணக்கான ஜிபியைத் தினமும் நகலெடுப்பவர்கள், ஏஐ மாடல்களை வீட்டுக் கணினியில் ஏற்றிப் பார்ப்பவர்கள் கண்டிப்பாக உணர்வார்கள். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5, நொடிக்கு 5.5 ஜிபி வேகத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டது. எஸ்எஸ்டி பரவிய பிறகு மென்பொருள்கள் அதை எதிர்பார்த்து எழுதப்பட்டு, ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். நாளைக்கு 14,000-க்கும் அப்படி நடக்கலாம். நடந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

பையனைக் கூப்பிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "டிஸ்க் 100 சதவீதம்னு சிவப்பா காட்டுது மாமா. பிராசஸர் சும்மாதான் இருக்கு." எந்த இடத்தில் காத்திருக்கிறோம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், 4 ஜிபி மட்டுமே இருந்த ராமுக்கு இன்னொரு 8 ஜிபியும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை போய் மாட்டிக் கொடுத்தேன். ஆன் ஆக இப்போது இருபது நொடி.

ஒரே ஒரு குறை சொன்னான். முன்பெல்லாம் கணினியை ஆன் பண்ணிவிட்டுப் போய் காபி போட்டுக் குடிக்க நேரம் இருக்குமாம்.